முதுமையின் வரலாறும் முதியோரின் வரலாறும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூருக்குச் செல்லும் பெருவீதியை அடுத்து, வாவியை நோக்கி அமைந்திருக்கிறது தன்னாமுனை. மாலை வேளையில் அதன் கரையில் நிற்போர்க்கு ஒரு காட்சி பழக்கமானதாயிருக்கும். வீச்சுவலையைத் தோளிற் போட்டுக்கொண்டு தோணியிலிருந்து இறங்கிவருகிறார் ஒரு வலைஞர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காற்று வாங்குவதற்காக அதே கரையில் உலாவுகிறார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள், ஒரே பள்ளியில் ஒரே வாங்கிலிருந்து அரிச்சுவடி படித்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் நிமிர்ந்து நடக்கிறார். வலைஞரின் முகத்தில் வெயில் கோடு கிழித்திருக்கிறது. முழங்கால் மடங்க மறுக்கிறது. கண்ணிலே பூ விழுந்திருக்கிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அயலூரார் ஒருவர் வந்து பார்த்தால் இருவருக்குமிடையே பதினைந்து வயது வேறுபாடு இருக்குமென்று கருதுவார். வயது ஒன்றாயிருக்க மூப்பு ஏன் இரண்டாயிற்று?

'தலையெழுத்து' என்பார் சிலர். 'உழைத்துத் தேய்ந்த உடம்பு' என்பார் வேறு சிலர். பின்னவர் கூற்று உண்மைக்கு அண்மையிலுள்ளது. ஆயினும் உடம்பில் எது தேய்கிறது, எவ்வாறு தேய்கிறது என்பதை அது விளக்குவதில்லை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இக்கேள்விக்கு விஞ்ஞானம் தேடிய விடை, கலமூப்பு என்னும் கண்டுபிடிப்பின் வரலாறாகும். நமது பாடநூல்கள் கலம் என்றும் தமிழ்நாட்டார் உயிரணு என்றும் வழங்கும் அந்த நுண்ணிய அலகு, ஒரு கட்டத்திற் பிரிந்து பெருகுவதை நிறுத்திவிடுகிறது, ஆனால் சாவதில்லை. அவ்வாறு நின்றுபோன கலங்கள் உடலில் தங்கி, அயலிலுள்ள நல்ல கலங்களையும் கெடுக்கின்றன. முதுமைக்கும் முதுமையோடு வரும் நோய்களுக்கும் இது ஒரு முக்கிய காரணம் என்பதே இன்றைய முடிவு. இந்த முடிவை எட்டிய பாதை, பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்போரும் கற்போரும் அறிந்துகொள்ள வேண்டிய பாதை.

முதுமை என்பது நம் நாட்டிற் பெருந்தொகையினரின் அநுபவமாக மாறியதே அண்மைக்காலத்திற்றான் என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையிற் சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது. 1946ஆம் ஆண்டளவில் இங்கு பிறந்த பிள்ளை சராசரியாக 45 ஆண்டுகள் வாழ்வதையும் எதிர்பார்க்க முடியவில்லை. பெண்களின் ஆயுள் ஆண்களின் ஆயுளைவிடக் குறைந்திருந்தது. மகப்பேறு அத்துணை ஆபத்தானதாயிருந்தது. 1946இல் ஆயிரம் பேருக்குச் சுமார் 20 ஆக இருந்த மரணவீதம், அடுத்த ஆண்டிலேயே சுமார் 14 ஆக வீழ்ந்தது. மலேரியா நுளம்பு ஒழிப்பும், கிராமங்களை நோக்கிச் சென்ற இலவச வைத்தியமும், இலவசக் கல்வியும், மானிய அரிசியும் சேர்ந்து அடுத்துவந்த ஆண்டுகளில் ஒரு பெரும் மாறுதலை நிகழ்த்தின. இன்று ஆயுள் எதிர்பார்ப்பு 75ஐக் கடந்துள்ளது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோர் நூற்றுக்கு 6.6 பேராக இருந்தனர், 2012இல் 12.4 பேராயினர்.

எனவே முதியோர் கூட்டம் என்பது மக்கள் போராடிப் பெற்ற ஒரு வெற்றியின் விளைவு. ஆனால் அவ்வெற்றி புதியதொரு வினாவையும் கொண்டுவந்தது. அன்று மக்களைக் கொன்றவை காய்ச்சலும் வயிற்றோட்டமும். இன்று நீரிழிவு, மாரடைப்பு, புற்றுநோய், மூட்டுத்தேய்வு, சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய் ஆகியன முன்னிற்கின்றன. உறுப்பால் வேறுபட்ட இந்நோய்களுக்குப் பொதுவாயுள்ளது ஒன்றே: வயது கூடக்கூட இவை யாவும் கூடுகின்றன. அப்படியாயின் வயதினுள்ளே ஒளிந்திருப்பது யாது?

இக்கேள்வியை முறையாக எழுப்பியவருள் ஒருவர் ஜெர்மானிய உயிரியலறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன். பழுதுற்ற இழையங்களைப் புதுப்பிக்கும் ஆற்றல் கலங்களுக்கு எல்லையின்றி இல்லை, அந்த எல்லையே மரணத்துக்குக் காரணமாகலாம் என்று அவர் 1881ஆம் ஆண்டிலே கூறினார். அது ஊகமே, அதற்குப் பரிசோதனைச் சான்று அன்று இருக்கவில்லை. எனினும் பாதை சரியானது. அந்தப் பாதையை ஐம்பது ஆண்டுகளுக்கு அடைத்து வைத்தது ஒரு பேரறிஞரின் புகழ்.

அவர் பெயர் அலெக்சிஸ் கரல். குருதிக் குழாய்களைப் பொருத்தித் தைக்கும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டு ஜனவரி மாதத்தில், நியூயோர்க்கிலுள்ள ரொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில், கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த சிறு துணுக்கொன்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கத் தொடங்கினார். அதன் கலங்கள் ஓயாது பெருகுவதாக அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் அத்துணுக்கின் பிறந்தநாளை ஆண்டுதோறும் கொண்டாடின. 1944இல் கரல் இறந்தார். அவரது துணைவராயிருந்த எபெலிங் 1946 வரையில் அந்த வளர்ப்பைக் காத்தார். ஒரு கோழியின் ஆயுளைப் பன்மடங்கு விஞ்சி, 34 ஆண்டுகள் அது 'வாழ்ந்தது'. கலங்கள் தம்மளவில் மரணமற்றவை, மூப்பு என்பது உடலமைப்பில் ஏற்படும் கோளாறே அன்றிக் கலத்திலுள்ளதன்று என்னும் முடிவு பாடநூல்களில் ஏறியது.

மற்றோர் இதனைத் திரும்பச் செய்ய முயன்றபோது அவர்களது கலங்கள் சிலகாலம் பெருகிப் பின் நின்றன. அவர்கள் என்ன செய்தார்கள்? தம் கைத்திறனையே ஐயுற்றார்கள். உணவுக் கலவை பிழைத்திருக்கும், பாத்திரம் சுத்தமாயிராது என்று எண்ணினார்கள். கரல் பிழைத்திருப்பார் என்று எண்ணவோ எழுதவோ துணியவில்லை. வளர்ப்புக்கு உணவாக ஊற்றப்பட்ட கோழிக்கருச் சாற்றோடு புதிய உயிர்க்கலங்களும் சேர்ந்து போயிருக்கலாம் என்பது பிற்காலத்தார் கூறும் விளக்கம். எவ்வாறாயினும் அந்தப் பரிசோதனையை எவராலும் மீண்டும் நிகழ்த்திக்காட்ட முடியவில்லை.

இந்தக் கரல் 1935இல் எழுதிய நூலில், பாரிய குற்றம் புரிந்தோரையும் குற்றம் புரிந்த மனநோயாளரையும் வாயுக் கூடங்களிற் கொன்றுவிடுதலே சிக்கனம் என்னும் கருத்தை வெளியிட்டார். நாசிகளுக்குப் பணிந்த விஷி ஆட்சியின் கீழ் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தையும் நடத்தினார். அவரது அரசியல் கொடியது என்பதனாற்றான் அவரது பரிசோதனை பிழைத்தது என்று நாம் வாதிடவில்லை; அவ்வாறு வாதிடுவது விஞ்ஞான நெறியன்று. ஆனால் பெரியோர் சொல்லை அளந்து பார்க்காமல் ஏற்கும் பழக்கம் ஆய்வுகூடத்தினுள்ளும் புகுந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தப் பிழையை உடைத்தவர் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவனத்திற் பணியாற்றிய இளைஞர் லெனார்ட் ஹேஃப்ளிக். முதுமையை ஆராய வேண்டுமென்று அவர் புறப்படவில்லை. புற்றுநோய்க்கு வைரசு காரணமா என்று அறிவதற்காக மனிதக் கருவின் கலங்களை வளர்த்துவந்தார். சில வளர்ப்புகள் நின்றுபோயின. வழக்கம்போல் உணவிலோ துப்புரவிலோ குறை என்று விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அவர் குறிப்பேட்டைப் புரட்டினார். ஒரே உணவு, ஒரே கண்ணாடி, ஒரே கை. நின்றுபோனவை யாவும் நெடுங்காலம் வளர்க்கப்பட்டவை. அண்மையில் தொடங்கியவையோ நன்கு பெருகிக்கொண்டிருந்தன. குறை சூழலிலுள்ளதாயின் எல்லாமே நின்றிருக்க வேண்டுமன்றோ?

இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவுவதற்கு அவரும் பால் மூர்ஹெட் என்பாரும் சேர்ந்து எளியதொரு பரிசோதனை செய்தனர். பலமுறை பிரிந்து முதிர்ந்த ஆண் கலங்களையும், சிலமுறையே பிரிந்த இளம் பெண் கலங்களையும் ஒரே பாத்திரத்திற் கலந்து வளர்த்தனர். ஆணினதா பெண்ணினதா என்பதை நிறமூர்த்தத்தைப் பார்த்து அறியலாம். சிலகாலத்தின் பின் நோக்கியபோது பாத்திரத்திற் பெண் கலங்கள் மாத்திரமே எஞ்சியிருந்தன. நஞ்சோ வைரசோ காரணமாயிருந்தால் அது முதியதையும் இளையதையும் பிரித்தறிந்திராது. மனிதக் கருவின் கலம் ஏறக்குறைய 50 முறை இரட்டித்தபின் நின்றுவிடுகிறது என்பது தெளிவாயிற்று. குளிரில் உறையவைத்து மீண்டும் எடுத்தாலும், தான் எத்தனை முறை பிரிந்தது என்பதை அது 'மறப்பதில்லை'. மிச்சமுள்ள தடவைகளே பிரிந்து நிற்கிறது.

அவர்களது கட்டுரையை முன்னணிச் சஞ்சிகை ஒன்று ஏற்க மறுத்தது. தக்க சூழல் கிடைத்தாற் கலங்கள் எல்லையின்றிப் பெருகும் என்பது முடிந்த முடிவென்று அதன் ஆசிரியர் கருதினார். கட்டுரை 1961இல் வேறொரு சஞ்சிகையில் வெளியாயிற்று. அது பரவலாக ஏற்கப்படுவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1974இல் அவுஸ்திரேலிய அறிஞர் மக்பார்லேன் பேர்னெற் இதற்கு 'ஹேஃப்ளிக் எல்லை' என்று பெயரிட்டார். ஹேஃப்ளிக் 2024இல், தமது 96ஆவது வயதிற் காலமானார்.

எல்லையின்றிப் பெருகும் மனிதக் கலங்கள் இல்லவே இல்லையா என்று மாணவர் கேட்கக்கூடும். உண்டு, அவை புற்றுநோய்க் கலங்கள். அவற்றுட் புகழ்பெற்றவை 1951இல் அமெரிக்காவின் பல்ற்றிமோர் நகரில் ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. புகையிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பத்தவரான அவர் அதே ஆண்டு இறந்தார். அவரது சம்மதம் கேட்கப்படவில்லை. அவரது கலங்கள் உலகெங்கும் விற்பனையாயின; குடும்பத்தாருக்கு இருபதாண்டுகள் வரையில் இச்செய்தியே தெரியாது. அக்கலங்களால் ஈட்டிய பொருள் தொடர்பாக ஒரு பெருங்கம்பெனி அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது 2023ஆம் ஆண்டிற்றான். மனித உடல் எவ்வாறு மூப்படைகிறது என்னும் அறிவு, பெயர் மறைக்கப்பட்ட ஏழைகளின் உடலின்மேல் எழுந்தது என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

இனி, கலம் தன் பிரிவுகளை எவ்வாறு எண்ணுகிறது? இதற்கு முதல் விடை மொஸ்கோவிலிருந்து வந்தது. அலெக்சி ஒலொவ்னிக்கோவ் என்னும் சோவியத் ஆராய்ச்சியாளர் ஹேஃப்ளிக்கின் கண்டுபிடிப்பைப் பற்றி 1966இல் ஒரு விரிவுரையிற் கேட்டார். அதைச் சிந்தித்தவாறே நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தில் நின்றபோது, வந்து நின்ற வண்டி அவருக்கு வழிகாட்டியது. மட்டக்களப்பு நிலையம் போன்ற ஈற்று நிலையத்தை நாமும் மனத்திற் கொள்வோம். தண்டவாளத்தைப் படியெடுத்துக்கொண்டே ஓர் இயந்திரம் வருகிறதெனின், அது கடைசியில் வந்து நிற்கும்போது தன் அடியிலுள்ள துண்டை மாத்திரம் அதனாற் படியெடுக்க இயலாது. அவ்வாறே பரம்பரைச் செய்தியைத் தாங்கும் நிறமூர்த்த இழை ஒவ்வொரு பிரிவின்போதும் படியெடுக்கப்படுகையில் அதன் நுனியிற் சிறிது குறைந்துபோக வேண்டும் என்று 1971இல் அவர் எழுதினார்.

நிறமூர்த்தத்தின் நுனியில் டெலோமியர் என்னும் காப்பு உண்டு. நம்மூர்ப் பெண்கள் பன்பாய் இழைக்கும்போது ஓரத்தை மடித்துப் பின்னுவது எதற்காக? ஓரம் அவிழ்ந்தால் பாய் முழுவதும் கலைந்துவிடும். டெலோமியர் அத்தகைய ஓரம். அது குறுகிக் குறுகி ஓர் எல்லைக்கு வந்ததும், கலம் அதனை ஆபத்தென்று உணர்ந்து பிரிவதை நிறுத்துகிறது. குளத்துநீரில் வாழும் ஒருகல உயிரொன்றை ஆராய்ந்த எலிசபெத் பிளாக்பேர்னும், அவரது மாணவியாயிருந்த கரோல் கிரைடரும், குறுகிய நுனியை மீண்டும் நீட்டும் நொதியம் ஒன்றுண்டு என்பதை 1984-85இற் கண்டனர். அதற்கு டெலோமரேஸ் என்று பெயர். நம் உடலின் பெரும்பாலான கலங்களில் அது செயற்படுவதில்லை. புற்றுநோய்க் கலங்களிற் பெரும்பாலும் செயற்படுகிறது. ஹென்றியெற்றா லாக்ஸின் கலங்கள் ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கும் இதிலே விடை கிடைத்தது. 1998இல் சாதாரண மனிதக் கலங்களுள் இந்நொதியத்தைச் செயற்படச் செய்தபோது அவையும் ஹேஃப்ளிக் எல்லையைக் கடந்தன. பிளாக்பேர்ன், கிரைடர், ஷொஸ்டாக் ஆகிய மூவரும் 2009இல் நோபல் பரிசு பெற்றனர். முன்னறிந்து சொன்ன ஒலொவ்னிக்கோவ் அப்பரிசிற் சேர்க்கப்படவில்லை.

ஆனால் நுனி குறுகுவது மாத்திரமே காரணமென்று கொள்வது தவறு. சூரிய ஒளியின் புறவூதாக் கதிர், புகை, கதிர்வீச்சு, சில மருந்துகள் ஆகியன பரம்பரைப் பொருளைப் பழுதாக்கும்போதும் கலம் பிரிவதை நிறுத்திவிடுகிறது. புற்றைத் தூண்டும் மாறுபட்ட பரம்பரையலகு ஒன்று கலத்தினுள்ளே விழித்தெழுந்தாலும், கலம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்பது 1997இற் காட்டப்பட்டது. அதாவது, கலமூப்பு என்பது இயற்கை அமைத்த ஒரு தடுப்பு. பழுதுபட்ட கலம் பெருகிப் புற்றாகாதபடி அதனை நிறுத்திவைக்கும் ஏற்பாடு. காயம் ஆறுவதற்கும், கருவில் உறுப்புகள் உருவாவதற்கும்கூட இது துணைபுரிகிறது என்று பின்னர் கண்டனர். இளமையில் இத்தகைய கலங்களை உடலின் காவற்கலங்கள் இனங்கண்டு அகற்றிவிடுகின்றன.

தீங்கு தொடங்குவது அவை அகற்றப்படாமல் தேங்கும்போதுதான். ஜூடித் கம்பிசி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் இதனை விளங்கவைப்பதிற் பெரும்பங்கு கொண்டனர். மூப்புற்ற கலத்தைச் சாயமேற்றி நீலமாகக் காட்டும் முறையை அவர்கள் 1995இல் வெளியிட்டனர். முதியோரின் சருமத்தில் அத்தகைய கலங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. 2008இல், அக்கலங்கள் சும்மா இருப்பதில்லை என்பதை விரிவாகக் காட்டினர். அழற்சியைத் தூண்டும் பொருள்களையும், இழையத்தின் கட்டுமானத்தை அரிக்கும் நொதியங்களையும் அவை இடையறாது சுரக்கின்றன. அச்சுரப்பினால் அயற்கலங்களும் மூப்படைகின்றன. மூட்டிற் குருத்தெலும்பு கரைகிறது; நாடிச் சுவரிற் படிந்த கொழுப்பு வெடிக்கும் நிலைக்கு வருகிறது; நுரையீரல் நாராகி இறுகுகிறது; புற்றைத் தடுக்கவென்று எழுந்த ஏற்பாடே காலம் நீடித்தால் அயலிற் புற்று வளர இடந்தருகிறது. மக்களைக் காப்பதற்கென்று அமைத்த காவல், கண்காணிப்பார் இன்றி முதிர்ந்து, மக்கள்மீதே சுமையாவதை வரலாற்றிற் பலமுறை கண்ட நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இது உடன்நிகழ்ச்சியா, உண்மையில் காரணமா? இவ்வையத்தையும் பரிசோதனையே தீர்த்தது. அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தார், மூப்புற்ற கலங்களை விரும்பியபோது அழிக்கக்கூடியவாறு எலிகளின் பரம்பரையமைப்பை மாற்றினர். விரைந்து மூப்படையும் எலிகளில் அக்கலங்களை அகற்றியபோது தசை மெலிவும் கண்ணிற் பூவிழுதலும் பிந்தின. இது 2011இல் வெளியாயிற்று. 2016இல் சாதாரண எலிகளிலும் அதைச் செய்தனர். அவற்றின் இடைநிலை ஆயுட்காலம் சுமார் காற்பங்கு கூடியது. சிறுநீரகமும் இதயமும் நெடுநாள் நலமாயிருந்தன. 2018இல் மறுதலைப் பரிசோதனை நடந்தது. இளம் எலிகளின் உடலில் மூப்புற்ற கலங்களைச் சிறிதளவே செலுத்தினர். அவ்விளம் எலிகளின் நடையும் பிடிப்பும் தளர்ந்தன. காரணத்தை நீக்கினால் விளைவு குறைகிறது. சேர்த்தால் விளைவு தோன்றுகிறது. இதற்குமேற் சான்று வேண்டுமா?

இப்போது நாம் மீண்டும் வாவிக்கரைக்கு வருவோம். வெயிலும் புகையும் கலத்தை மூப்படையச் செய்கின்றன என்றால், அவை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுகின்றனவா? வலைஞரின் தலைமீது வெயில் நேரே விழுகிறது. வாவியின் நீரிலிருந்து தெறித்தும் விழுகிறது. புகைபோக்கி இல்லாத குசினியில், ஈரவிறகை ஊதி ஊதிச் சமைக்கும் பெண்ணின் நுரையீரலிற் புகை படிகிறது. சிகரட்டுப் புகை நுரையீரற் கலங்களை மூப்படையச் செய்வது ஆய்வுகூடத்திற் காட்டப்பட்டுள்ளது. விறகுப் புகை நாட்பட்ட நுரையீரல் நோயை விளைவிப்பதும் ஐயமற நிறுவப்பட்டது. உழைப்போரின் முதுமை முந்தி வருவது அவர் விதியன்று. அவர் உழைக்கும் நிலைமையின் விளைவு.

நம் வீடுகளில் விருந்தினர்முன் வைக்கும் வெற்றிலை வட்டாவையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்த்தல் தகும். பாக்கை நாள்தோறும் நெடுநேரம் மெல்வோர் சிலருக்கு வாயின் உட்சவ்வு வெளிறி, நாராகி, இறுகிவிடுகிறது. நாளடைவில் வாயைத் திறக்கவே முடியாமற் போகிறது. 1952இல் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடத்து இந்நோய் விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பம்பாயிலிருந்தும் விவரம் வந்தது. இது புற்றாக மாறக்கூடிய நிலை. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே.

இந்நோயுற்ற வாய்களின் நார்சுரக்கும் கலங்களை, லண்டனிலுள்ள ஆராய்ச்சியாளரும் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் திலகரத்னவும் இணைந்து ஆராய்ந்த முடிவு 2011இல் வெளியாயிற்று. அதன் முதலாசிரியர் பிட்டியகே. மூப்புற்ற கலங்கள் அங்கே திரண்டிருந்தன. நிறமூர்த்த நுனி குறுகியதால் அவை அவ்வாறாகவில்லை. பழுது காரணமாகவே ஆகியிருந்தன. இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. அக்கலங்கள் சுரக்கும் நொதியங்கள் நாரை ஓரளவு கரைத்து இறுக்கத்தைத் தணிக்கவும் முயல்கின்றன. ஒரே கலம் ஒரு கையால் உதவுகிறது, மறு கையாற் கெடுக்கிறது. ஆகவே 'மூப்புற்ற கலம் பகை, அதனை ஒழிப்பதே வழி' என்று எளிதில் முடிவுகட்டுவது பொருந்தாது. ஐம்பது வயதாகாத ஒருவரின் வாயிற்கூட மூப்பு குடியேறிவிடலாம் என்பதும், அதனைக் குடியேற்றுவது ஆண்டுக்கணக்கு மட்டுமன்று என்பதும் இவ்வாராய்ச்சியால் நமக்குக் கிடைக்கும் தெளிவு.

மனத்துயரும் கலத்தைத் தொடுமா? 2004 டிசம்பர் மாதத்தில் பிளாக்பேர்னும் எலிஸா எப்பெல் என்னும் உளவியலாளரும் வெளியிட்ட ஆய்வு இங்கு கருதத்தக்கது. நாட்பட்ட நோயுற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரை அவர்கள் ஆராய்ந்தனர். எத்தனை ஆண்டுகள் அப்பொறுப்பைச் சுமந்தனரோ அத்துணைக்கு அவர்களது குருதிக் கலங்களின் டெலோமியர் குறுகியிருந்தது. 58 பெண்களை மாத்திரம் கொண்ட ஆய்வு அது. டெலோமியர் நீளம் மூப்பின் முழு அளவுகோலுமன்று. அந்த எல்லைக்குள் வைத்தே அதனை மதிக்க வேண்டும். ஆயினும் அதே டிசம்பரிற்றான் கடற்கோள் மட்டக்களப்புக் கரையை அழித்தது. அதற்கு முன்னும் பின்னும் 2009 வரையில் போர் நீடித்தது. கணவனை இழந்து, காணாமற்போன மகனைத் தேடி, பேரப்பிள்ளைகளை வளர்த்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களது கலங்களை எவரும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வேண்டிய கருவி உலகில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்ற எண்ணந்தான் இல்லை.

எண்ணம் வேறு திசையிற் செல்வதை நாம் காண்கிறோம். 2015இல், மூப்புற்ற கலங்களைத் தேர்ந்து கொல்லும் முதல் மருந்துகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இரத்தப் புற்றுநோய்க்கு முன்னரே வழங்கிய டசாட்டினிப். அதனோடு சேர்த்தது வெங்காயத்திலும் உள்ள குவெர்செற்றின் என்னும் பொருள். 2019இல் நுரையீரல் நாராகும் நோயுற்ற 14 பேருக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வு வெளியாயிற்று. நடைவேகம் சற்று மேம்பட்டதாயினும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இருக்கவில்லை. உடனே பெருமுதல் திரண்டது. யூனிட்டி பயோடெக்னாலஜி என்னும் கம்பெனி முழங்கால் மூட்டுத்தேய்வுக்கு ஒரு மருந்தைச் சோதித்தது. 2020இல் அது வெறும் ஊசியைவிட மேலான பயன் தரவில்லை என்று தெரிந்தது. எலியிற் பலித்தது மனிதனிற் பலிக்குமென்று உறுதிகூற முடியாது. ஆராய்ச்சி தொடர்கிறது, தொடரவும் வேண்டும். ஆனால் 'இளமை மருந்து' என்று இன்றே விற்க வருவோரை நம்பிக் காசை இழக்காதவாறு மக்களை எச்சரிப்பது கற்றோர் கடமை.

மெய்யான மருந்து நாளை கண்டுபிடிக்கப்பட்டால் அது யாருக்கு? செல்வர் நூறாண்டு இளமையோடிருக்க, வலைஞர் அறுபதில் தளர்ந்து விழும் உலகத்தைத்தான் விஞ்ஞானம் படைக்குமெனின், அது விஞ்ஞானத்தின் தோல்வியன்று, நமது தோல்வி. மலேரியா நுளம்பை ஒழிக்கத் தெளித்த மருந்து கொழும்பின் மாளிகைகளுக்கு மாத்திரம் தெளிக்கப்பட்டிருந்தால் 1947ஆம் ஆண்டின் மாறுதல் நிகழ்ந்திராது. எல்லோர் வீட்டுச் சுவரிலும் தெளித்ததனாற்றான் நம் பாட்டன்மார் முதுமையைக் கண்டனர்.

இன்னும் ஒன்று. மூப்பை முந்தச் செய்யும் காரணங்களிற் பல இன்றே அகற்றக்கூடியவை. அதற்கு நோபல் பரிசு பெற்ற மருந்து எதுவும் தேவையில்லை. குசினிக்கு ஒரு புகைபோக்கி; தோணியில் நிற்பவருக்கு அகன்ற தொப்பி; வெற்றிலைபாக்கைப் பற்றிப் பாடசாலையில் ஒரு பாடம்; ஆண்டுக்கொருமுறை வாயையும் சீனியையும் அமுக்கத்தையும் பார்க்கும் கிராமத்து நிலையம்; முதிர்ந்த கடற்றொழிலாளிக்கும் வயற்கூலிக்கும், ஆசிரியருக்கு இருப்பதுபோல் உறுதியான ஓய்வூதியம். இவை கேட்டுப் பெறவேண்டியவை. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் ஒருகாலத்திற் கேட்டுப் பெறப்பட்டவையே.

ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூறவிரும்புவது இதுவே. கலப்பிரிவைக் கரும்பலகையில் வரையும்போது ஹேஃப்ளிக்கின் குறிப்பேட்டையும் மாணவர்க்குச் சொல்லுங்கள். உலகம் ஒப்புக்கொண்ட ஒன்றைத் தன் கண்ணாற் கண்டது மறுத்தபோது, கண்டதை எழுதிவைத்து, அதைச் சோதித்து, மறுப்பைத் தாங்கி நின்றார் ஓர் இளைஞர். பின்னர் அதே மாணவரை வாவிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே வயதினரான இருவருள் ஒருவர் ஏன் முந்தி மூப்படைந்தார் என்று அவர்களே கேட்டு, அவர்களே குறித்து, அவர்களே காரணம் தேடட்டும்.